சவரக்கத்தியும் சமூக உறவும்: மன்னார்க் கரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

இலங்கையின் வடமேற்குக் கரையோர வரலாறு இதுகாறும் பெரும்பாலும் துறைமுகங்களினதும் கோட்டைகளினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாதோட்டத் துறை, திருக்கேதீச்சரம், 1560இல் போர்த்துக்கேயர் அமைத்த மன்னார்க் கோட்டை, அரிப்பு முத்துக்குளிப்பு, தலைமன்னார் இறங்குதுறை ஆகியன பற்றி நூல்கள் உள. ஆனால் அத்துறைகளில் வாழ்ந்தோரின் முகத்தை வழித்து, பிறப்பிலும் மணத்திலும் இறப்பிலும் அவர்களுடன் நின்ற தொழிலாளரைப் பற்றி நாம் படிப்பது அரிது. அரசியல் வரலாற்றுக்கு அவர் தேவைப்படவில்லை. சமூக வரலாற்றுக்கோ அவர் இன்றியமையாதவர். சவரக்கத்தி என்னும் சிறு கருவி எந்த உற்பத்தி உறவுகளுக்குள் இயங்கியது, அவ்வுறவுகள் எவ்வாறு மாறின, மாற்றத்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

முதலில் தொழிலின் நுட்பத்தை நோக்குதல் பொருந்தும். உலர்ந்த மயிர் கடினமானது. நீரில் ஊறும்போது மயிரிலுள்ள கெரட்டின் என்னும் புரதம் நீரை உட்கொண்டு மென்மையடைகின்றது; அதனை அறுக்க வேண்டிய விசை குறைகின்றது. சவர்க்காரம் மயிரின் மேலுள்ள எண்ணெய்ப் பசையை அகற்றுகின்றது. தூரிகையால் எழுப்பப்படும் நுரை, நீரை முகத்தில் நிறுத்தி வைப்பதோடு கத்தி வழுக்கிச் செல்லவும் உதவுகின்றது. கத்தியைக் கல்லிலே தீட்டுவது கூரை உண்டாக்குவதற்கு. தோல்வாரில் இழுப்பது அக்கூரை நேர்ப்படுத்துவதற்கு. இறுதியில் தேய்க்கப்படும் படிக்காரம் தோலைச் சுருங்கச் செய்து சிறு காயங்களின் குருதியை நிறுத்துகின்றது. மயிர் எத்திசையில் வளர்கின்றது, தாடையின் வளைவில் தோலை எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, கத்தியை எவ்வளவு சாய்ப்பது என்பனவெல்லாம் விரல்களின் அறிவு. தந்தையிடமிருந்து மகன் கண்டும் செய்தும் கற்ற இவ்வறிவை ஏட்டில் எழுதும் வாய்ப்பு அதனை உடையோருக்குக் கிட்டவில்லை.

இவ்வறிவு சவரத்தோடு நிற்கவில்லை. வைத்தியரைக் குறிக்கும் ‘பரியாரி’ என்ற சொல் தமிழ் வழக்கில் நாவிதரையும் குறித்தது. தமிழகத்தில் அவர்கள் ‘மருத்துவர்’ எனவும், அக்குடும்பப் பெண்கள் ‘மருத்துவச்சி’ எனவும் அழைக்கப்பட்டனர். கட்டியைக் கீறுவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் அவர்தம் பணிகளாக இருந்தன. ஐரோப்பாவிலும் நிலைமை இதற்கு வேறானதன்று. இலண்டனில் 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே கழகமாக இணைக்கப்பட்டனர்; 1745இல் பிரிந்தனர். பிரிந்தபின் அறுவை மருத்துவர் மதிப்புக்குரிய கல்வியாளராக உயர்ந்தார்; நாவிதர் கைத்தொழிலாளராகவே எஞ்சினார். வட இலங்கையில் 1848 முதல் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அது தமிழ் அறிவு வரலாற்றில் ஒரு பெரும் பணி. ஆயினும் புதிய மருத்துவம் வேரூன்றியபோது பழைய பரியாரியின் மருத்துவப் பங்கு அவரிடமிருந்து நழுவியது. எஞ்சியது கத்தியும் அதனோடு ஒட்டியிருந்த சாதி இழிவுமே.

நிலவுடைமைச் சமூகத்தில் நாவிதர் ‘குடிமக்கள்’ என்ற வகுப்பினுள் அடக்கப்பட்டார். அவர் ஒரு குறிப்பிட்ட குடும்பத் தொகுதிக்குக் கடமைப்பட்டவர். அவர் வீடு தேடிச் சென்று முற்றத்திலோ மர நிழலிலோ அமர்ந்து சவரம் செய்வார். அறுவடையில் நெல்லும் மங்கல, அமங்கல நாள்களில் வரிசைப் பொருள்களும் பெறுவார். கூலி என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. கொடுப்பது ‘கடமை’, பெறுவது ‘உரிமை’ எனப்பட்டது. இச்சொற்களின் இனிமை உண்மையை மறைக்கலாகாது. விலை பேசும் உரிமையும், வேலையை மறுக்கும் உரிமையும், வேறு தொழில் தேடும் உரிமையும் அவருக்கு இல்லை.

மன்னாரின் புவியியல் இவ்வுறவை ஒரேசீராக இருக்க விடவில்லை எனக் கருத இடமுண்டு. பெருநிலப் பகுதியில் கட்டுக்கரைக்குளத்து நீரால் நெல் விளைந்தது. நெல்லை அடிப்படையாகக் கொண்ட குடிமை உறவு நிலைப்பதற்கு அங்கே பொருளியல் அடித்தளம் இருந்தது. தீவிலும் கரையோரத்திலும் மீன்பிடியும் வணிகமும் வாழ்வைத் தாங்கின. பேசாலை, வங்காலை போன்ற கத்தோலிக்க மீனவ ஊர்களிலும், எருக்கலம்பிட்டி போன்ற முஸ்லிம் ஊர்களிலும் காசுப் புழக்கம் நெல் வரிசையை முந்தியிருத்தல் இயல்பு. முத்துக்குளிப்புக் காலங்களில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி மணற்பரப்புகளில் பல்லாயிரவர் கூடிய தற்காலிக நகரங்கள் எழுந்தன. 1905ஆம் ஆண்டுக் குளிப்பு அரசுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் தந்தது. பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடும் அத்தகைய இடத்தில் ஒருவர்க்கொருவர் பரம்பரைக் கடமை பூண்டிருக்க முடியாது. எவ்வேலைக்கும் காசே அளவுகோலாகும்.

ஆயினும் காசு வந்தவுடன் சாதி அகன்றது என எளிமைப்படுத்துதல் தவறாகும். இக்கரை வழியாகவே இந்தியத் தொழிலாளர் மலையகக் கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடந்து சென்றனர். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற் சேவையும் தொடங்கியபின் புகைவண்டியிற் சென்றனர். முதலாளித்துவ உற்பத்தி நிலையங்களான அத்தோட்டங்களிலும் நாவிதரும் சலவைத் தொழிலாளரும் சாதி அடிப்படையிலேயே அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குரிய தொகை மற்றைத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. பழைய குடிமை, புதிய சம்பளப் பதிவேட்டினுள் ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

சமயமும் இதனை முற்றாக மாற்றவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே ‘ஒஸ்தா’ எனப்பட்ட பரம்பரைத் தொழிலாளர் சவரமும் விருத்தசேதனமும் செய்தனர். சமத்துவத்தைப் போதிக்கும் மார்க்கத்தினுள்ளும் அவர்கள் தனிப்பிரிவினராக எண்ணப்பட்டதை ஆய்வாளர் குறித்துள்ளனர். கத்தோலிக்கரிடையே நிலவிய சாதி வேற்றுமைக்கு இனி நாம் காணப்போகும் சான்றே போதுமானது.

மாற்றத்தின் அடுத்த கட்டம் சலூன். தொழிலாளர் வாடிக்கையாளரின் முற்றத்துக்குச் செல்வது ஒழிந்து, வாடிக்கையாளர் தொழிலாளரின் கடைக்கு வரலானார். அமர்ந்திருப்பவர் வாடிக்கையாளர், நிற்பவர் தொழிலாளர். ஆயினும் இடம் தொழிலாளருடையது. விலை சுவரில் எழுதப்பட்டது. காத்திருப்போருக்காகச் செய்தித்தாள் வாங்கப்பட்டது. அதனோடு அரசியல் உரையாடலும் வந்தது. இம்மாற்றத்தின் உச்சத்தை மன்னாருக்கு வடக்கே யாழ்ப்பாண நகரில் காண்கின்றோம். கத்தோலிக்கக் குடும்பத்தில் 1927இல் பிறந்த டொமினிக் ஜீவா, பள்ளியில் சாதி இழிவுக்கு ஆளாகிக் கல்வியை இடைநிறுத்தி, குடும்பத் தொழிலை மேற்கொண்டவர். பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின்பாற் கொண்ட மதிப்பினால் அவர் தம் பெயருடன் ‘ஜீவா’ என இணைத்துக்கொண்டார். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் கத்தி பிடித்த கையாலேயே அவர் சிறுகதைகள் எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் அவரது தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசினைப் பெற்றது. 1966இல் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் களமாக விளங்கியது. 2021இல் மறையும்வரை அவர் தம் தொழிலை ஒருபோதும் மறைத்ததில்லை. ஒரு சவரக்கடை இலக்கிய ஏட்டின் பணிமனையாகியமை தனிமனித முயற்சி மட்டுமன்று. தொழிலாளர் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றதன் விளைவுமாகும்.

ஆனால் சலூனுக்குள்ளும் ஒரு முரண்பாடு இருந்தது. ஒடுக்கப்பட்ட பிற சாதியினருக்குச் சவரம் செய்ய மறுக்கும் வழக்கம் தமிழகத்திலும் வட இலங்கையிலும் நிலவியது. உயர்சாதி வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தினால், இழிவுக்கு ஆளானவரே மற்றோர் இழிவின் கருவியாயினர். இந்தியாவின் 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், கடை என்பதன் வரையறையினுள் முடிதிருத்தும் நிலையத்தை வெளிப்படையாகச் சேர்க்க வேண்டியிருந்தமை இதன் ஆழத்தை உணர்த்தும். இலங்கையில் 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் சட்டம் மட்டும் கதவுகளைத் திறக்கவில்லை. தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறந்தமைக்கு 1966இன் பின் எழுந்த வெகுசனப் போராட்டங்களே காரணமாயின.

இதற்கிடையே உலகச் சந்தை மற்றொரு மாற்றத்தைக் கொணர்ந்தது. அமெரிக்கரான கிங் ஜில்லெட் 1903இல் விற்பனைக்கு விட்ட பாதுகாப்புச் சவரக்கருவி, எறிந்துவிடத்தக்க பிளேட்டைக் கொண்டிருந்தது. முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு அது வழங்கப்பட்டபின் தானே முகம் வழித்தல் உலக வழக்காயிற்று. நாவிதரின் நாளாந்த வேலையில் ஒரு பகுதி இவ்வாறு வீட்டுக் கண்ணாடியின் முன் சென்றது. பின்னர், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி ஆகியன குறித்த அச்சம் பரவியபோது, தீட்டும் கத்தியின் இடத்தைப் பிளேட் செருகும் மடக்குக்கத்தி பிடித்தது. சுகாதாரத்தின் பொருட்டு இது வரவேற்கத்தக்கதே. எனினும் அதனோடு சாணைக்கல்லும் தோல்வாரும் அவற்றுக்குரிய கையறிவும் எமது கடைகளிலிருந்து அகன்றன.

அகன்ற பொருள்கள் இன்று வேறோரிடத்தில் தோன்றுகின்றன. 1805இல் தொடங்கப்பட்ட இலண்டன் துரூஃபிட் அண்ட் ஹில் போன்ற சிறப்பங்காடிகளில் தூரிகையும் நுரைக்கிண்ணமும் மடக்குக்கத்தியும் உயர்விலைப் பண்டங்களாக விற்கப்படுகின்றன. விரைவு வாழ்வில் சலிப்புற்ற நடுத்தர வகுப்பினர் இவற்றை வாங்கி, மெதுவாகச் சவரம் செய்வதில் ஒரு பழைய நயத்தைக் கண்டறிகின்றனர். புலம்பெயர் தமிழ் இளைஞருள்ளும் இந்நாட்டம் கொண்டோர் இருத்தல் கூடும். இதனை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. கையால் செய்யும் வேலையில் மனிதன் மகிழ்ச்சி தேடுதல் நல்லதே. ஆனால் ஒரே கருவி, ஒரே நுரை, ஒரே கையசைவு எமது ஊரில் இழிதொழிலின் அடையாளமாகவும், அங்காடித் தட்டில் ‘மரபு’ எனவும் மதிப்பிடப்படுவது ஏன்? உழைப்பவரின் கையிலிருக்கும்வரை அவ்வறிவு சாதியாகக் காணப்பட்டது; உழைப்பவரிடமிருந்து பிரிந்து பண்டமானபின் பண்பாடாகக் காணப்படுகின்றது. இழிவு கருவியிலோ செயலிலோ இல்லை, சமூக உறவிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மன்னாரில் இவ்வரலாற்றைத் தொகுப்பதற்குக் காலம் குறைவு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார் முஸ்லிம்களுட் பலர் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பகுதிகளை அடைந்தனர். மக்களோடு தொழில்களும் நினைவுகளும் பெயர்ந்தன. போரினால் பல ஊர்கள் கலைந்தன. தலைமன்னாருக்குப் புகைவண்டி 2015இல் மீண்டது. ஊர்களின் தொழில் நினைவு தானாக மீளாது. மூத்த தொழிலாளரின் வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு செய்தல், சாணைக்கல், கிண்ணி, பழைய கத்தி முதலியவற்றை வழங்கியவர் விருப்பறிந்து பாதுகாத்தல், குடிமை முறையை மும்மதத்தாரிடையேயும் ஒப்பிட்டு ஆராய்தல் ஆகியன உடனடிப் பணிகள். அப்பணியில் அத்தொழிற் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர் தகவலாளராக மட்டும் அன்றி ஆய்வாளராகவும் பங்குகொள்ளல் வேண்டும். அதற்கான வாய்ப்பை உருவாக்குவது தமிழ்ச் சங்கங்களினதும் பல்கலைக்கழகத் துறைகளினதும் கடனாகும்.