மருந்து கேட்டு நின்ற தாய்மார்கள்

ஃபினைல்கீட்டோனூரியா என்பது பிறவியிலேயே வரும் ஒரு மரபணு நோய். நாம் உண்ணும் புரதத்தில் ஃபினைல்அலனின் எனும் ஒரு பொருள் இருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் ஒரு நொதி அதனை உடலுக்கு ஏற்றவாறு மாற்றிவிடும். இந்நோயுள்ள குழந்தைக்கு அந்த நொதி இல்லை. ஆதலால் அப்பொருள் இரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. கருவில் இருக்கும்வரை தாயின் உடலே அதனை அகற்றிவிடுவதால் குழந்தை நலமாகவே பிறக்கிறது. கேடு பிறந்த பின்னரே தொடங்குகிறது. இந்நோயின் வரலாற்றை மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வரலாற்றைத் தாய்மார்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே நம் கட்டுரையின் நோக்கம்.

நோர்வேயில் போர்க்னி ஏகலாண்ட் எனும் பெண்மணிக்கு 1927இல் லிவ் எனும் மகளும், 1930இல் டாக் எனும் மகனும் பிறந்தனர். இருவரும் பார்வைக்குக் குறையின்றிப் பிறந்த பிள்ளைகள். மாதங்கள் செல்லச் செல்ல மகளுக்குப் பேச்சு வரவில்லை. மகனின் நிலை அதைவிட மோசமாக இருந்தது. பிள்ளைகள் இருவர் மீதும் நீங்காத ஒரு மக்கிய வாடை வீசுவதைத் தாய் கவனித்தார். மருத்துவர் பலரிடம் அதைச் சொன்னார். எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. தம் பிள்ளையிடம் தினமும் காணும் ஒன்றைத் தாய் எடுத்துரைத்தும், அதைக் கேட்க ஆளில்லாமல் போவது எத்தகைய தனிமை என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் எனும் மருத்துவர் அந்தத் தாயின் சொல்லுக்குச் செவிசாய்த்தார். அவர் வேதியியலும் கற்றவர். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது அது கரும்பச்சையாக மாறியது; அவர் அதுவரை கண்டிராத நிறம். மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீண்டும் கொண்டுவரும்படி கூறினார். பச்சை நிறம் மாறவில்லை. ஏகலாண்ட் பல லிட்டர் சிறுநீரைச் சேகரித்துத் தந்துகொண்டே இருந்தார். அதிலிருந்து ஃபினைல்பைருவிக் அமிலம் பிரித்தறியப்பட்டது. மனவளர்ச்சிக் குறைபாட்டுக்கு உடலின் வேதியியலில் ஒரு காரணம் உண்டு என்று ஐயமற நிறுவப்பட்ட தொடக்க நிகழ்வுகளுள் அது ஒன்று. ஆனால் மருந்து ஏதும் அப்போது இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பயன் கிட்டவில்லை. நோர்வேயில் இந்நோய் இன்றும் ஃபோலிங்கின் பெயராலேயே வழங்குகிறது.

இங்கு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே செல்வோம். இந்நோய் தாயிடமிருந்து மட்டும் வருவதன்று. தந்தையிடம் ஒன்று, தாயிடம் ஒன்று என இரு பழுதுற்ற மரபணுக்கள் சேர்ந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். பெற்றோர் இருவரும் அத்தகைய மரபணுவைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். நம் குடும்பங்களில் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கம் இருக்கிறது. மார்க்கம் அதனை அனுமதித்துள்ளது; கட்டாயமாக்கவில்லை. ஒரே பாட்டனார் வழிவந்த இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்புக் கூடுதல் என்பதைத் திருமணப் பேச்சின்போதே அறிந்திருப்பது நல்லது. அது ஒருபுறம் இருக்கட்டும். குறையுள்ள குழந்தை பிறந்தவுடன், “கர்ப்பமாக இருந்தபோது என்ன தின்றாய்? கிரகணத்தில் வெளியே வந்தாயா?” என்று தாயை மட்டும் நிறுத்திக் கேட்கும் வழக்கத்துக்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, அறிவியலிலும் ஆதாரமில்லை. பிள்ளையைப் பெற்று உடல் தேறாத ஒரு பெண்ணை இக்கேள்விகள் என்ன செய்யும் என்பதைக் கேட்பவர்கள் எண்ணிப்பார்ப்பதில்லை.

பேர்ல் பக் எனும் அமெரிக்க எழுத்தாளரின் பெயரை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். சீனாவில் வளர்ந்தவர், 1938இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 1920இல் பிறந்த அவருடைய மகள் கேரலுக்கும் இதே நோய்தான். ஆனால் அது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு மருத்துவர்களிடம் அலைந்தார். பலர் நம்பிக்கை வார்த்தை கூறி அனுப்பினர். ஒரே ஒருவர் மட்டும், இக்குழந்தை ஒருபோதும் குணமடையாது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். அந்தக் கடுஞ்சொல்லுக்காகவே அவருக்கு நன்றியுடையவராக இருந்தார் பேர்ல் பக். 1929இல் நியூ ஜெர்சியில் உள்ள வைன்லண்ட் பள்ளியில் மகளைச் சேர்த்தார். அவளுடைய பராமரிப்புக்கான பணத்தேவையும் அவரை எழுதத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. உலகமே அறிந்த அப்பெண்மணி, 1950 வரை தம் மகளின் நிலையைப் பற்றிப் பொதுவெளியில் எழுதவில்லை. அவ்வாண்டில் அவர் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இருபதாண்டு மௌனம்! புகழும் செல்வமும் உடையவருக்கே இந்நிலை என்றால், வாடகை வீட்டில் வாழும் தாயின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தகைய ஒரு தாய்தான் மேரி ஜோன்ஸ். 1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தம் மகள் ஷீலாவைக் கொண்டுவந்தார். குழந்தைக்கு அப்போது 17 மாதம். நிற்கவில்லை, நடக்கவில்லை. ஓயாமல் அழுதாள், தலையை மோதிக்கொண்டாள். ஹோர்ஸ்ட் பிக்கல் எனும் இளம் மருத்துவர் சோதனை செய்து நோயின் பெயரைச் சொன்னார். நோயைக் கண்டறிந்ததில் அவருக்குப் பெருமிதம். தாய்க்கோ பெயரால் என்ன பயன்? மருந்து இல்லை என்ற பதிலை ஏற்க அவர் மறுத்தார். நாள்தோறும் காலையில் ஆய்வுக்கூடத்தின் வாசலில் வந்து நின்று, என் பிள்ளைக்கு வழி கண்டீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த நச்சரிப்புதான் மருத்துவத்தை அசைத்தது. பிக்கல், ஜான் ஜெரார்ட், ஈவ்லின் ஹிக்மன்ஸ் ஆகிய மூவரும், லண்டனில் இருந்த லூயிஸ் வுல்ஃபின் ஆலோசனையைப் பெற்று, பால் புரதத்தைச் சிதைத்துக் கரித்தூளில் வடித்து, ஃபினைல்அலனினை நீக்கிய ஓர் உணவைச் செய்தனர். சில மாதங்களில் ஷீலா தவழ்ந்தாள், எழுந்து நின்றாள். கண்களில் ஒளி வந்தது, முடி கருத்தது, அழுகையும் தலைமோதலும் நின்றன.

அடுத்து அவர்கள் செய்ததை நம்மால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இம்முன்னேற்றம் உணவால்தானா என உறுதிசெய்ய, தாயிடம் கூறாமலேயே அந்த உணவில் ஃபினைல்அலனினைக் கலந்தனர். சில மணி நேரத்திலேயே அழுகை திரும்பியது. சில நாட்களில் பிள்ளை கற்றதையெல்லாம் இழந்தது. காரணம் தெரியாமல் தாய் தவித்தார். பின்னர் அவருடைய சம்மதத்துடன் மருத்துவமனையிலேயே அச்சோதனை மீண்டும் செய்யப்பட்டது. 1953இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. அந்தச் சோதனையால் உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்பதை மறுக்க இயலாது. ஆயினும், மீண்டெழுந்த தம் பிள்ளை மறுபடியும் சரிவதை ஏனென்று அறியாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களுக்குக் கணக்கு எந்த இதழிலும் இல்லை.

உணவுமுறை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பால், முட்டை, இறைச்சி, மீன், பருப்பு எதுவும் கூடாது. அரிசியும் ரொட்டியும்கூட அளந்துதான். மற்றப் பிள்ளைகள் உண்ணும் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துத் தர முடியாது. ஒருநாள் தவறினாலும் குற்றவுணர்வு தாயின் தலையில் ஏறும். அளப்பவர் அவர் ஒருவரே என்றால் அச்சுமை எத்தனை ஆண்டு தாங்கும்? மேரி ஜோன்ஸின் மனநலம் பின்னாளில் குலைந்தது. ஷீலாவின் உணவுமுறையும் தொடராமல் போயிற்று.

இவ்விடத்தில் நம்மவர்கள் சொல்லும் ஆறுதல் ‘ஸப்ர் செய்யம்மா’ என்பதாகவே இருக்கும். ஸப்ர் உயர்ந்த பண்பு, அதில் ஐயமில்லை. ஆனால் மூஸா (அலை) அவர்களின் தாயாரைப் பற்றிக் குர்ஆன் கூறுமிடத்தை நினைவுகூர்வோம். ஆற்றில் விடப்பட்ட குழந்தையோடு அது நின்றுவிடவில்லை. தாயின் உள்ளம் வெறுமையாகிப்போனதும், அல்லாஹ் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியதும் அங்கே கூறப்படுகின்றன. அவர் கவலைப்படாமல் இருக்கும்பொருட்டே பிள்ளை அவரிடம் திருப்பித் தரப்பட்டது. கரையோரம் பின்தொடர்ந்து சென்று பார்த்துவரவும், பாலூட்டுபவரைக் காட்டித் தரவும் வீட்டிலிருந்து ஒரு மகள் இருந்தார். நம் வீடுகளில் அந்த அளவுக்கரண்டியைக் கணவரும் பிடிக்கலாம், மாமியாரும் பழகிக்கொள்ளலாம். தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகை வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை தென்பட்டால், பிள்ளையைக் காட்டும் மருத்துவரிடமே அதையும் சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். மருந்து உண்பது ஈமானின் குறைவு அன்று.

1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி எனும் அமெரிக்கர், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்திலேயே இந்நோயைக் கண்டறியும் சோதனையை உருவாக்கினார். அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்தது. அவர் மனைவியின் சகோதரி மகளுக்கு இதே நோய். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் அச்சோதனையைச் சட்டமாக்கியது. அறிகுறி தோன்றும் முன்பே உணவுமுறையைத் தொடங்கிய பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளர்ந்தனர்.

1962இல் ஃபோலிங்கிற்குக் கென்னடி அறக்கட்டளையின் விருது கிடைத்தது. அதே ஆண்டில் பர்மிங்காம் மருத்துவர் மூவருக்கும் ஜான் ஸ்காட் விருது வழங்கப்பட்டது. ஷீலா தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பராமரிப்பு நிறுவனத்தில் கழித்தார்.