நிற்கும் காட்டுக்கு வருமானம் உண்டா? ஜோகூரின் சட்டங்களும் இயற்கை வள நிதியும்

1. அதிகாரப் பங்கீடு

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் ‘சுற்றுச்சூழல்’ என்றொரு தலைப்பே கிடையாது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரே மாநிலத்துக்குள் ஓடி முடியும் ஆறும் மாநிலத்துக்கே உரியது. தூய்மைக்கேட்டைத் தடுக்கும் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமோ நாடாளுமன்றம் இயற்றியது. ஆகவே, ஆற்றங்கரையில் தொழிற்சாலைக்கு நிலம் ஒதுக்குவது ஜோகூர் மாநிலம். அங்கிருந்து ஆற்றில் கழிவு கலந்தால் விசாரிப்பது கூட்டரசின் சுற்றுச்சூழல் துறை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, 111 பள்ளிகள் மூடப்பட்டபோது இந்தப் பிளவு எல்லோர் கண்ணிலும் பட்டது. அதன் பிறகு பேச்செல்லாம் தண்டனையைப் பற்றியே இருந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட்டுக்கு உயர்த்தியது.

அபராதத்தை விட ஆழமான சிக்கல் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது. வருமான வரியும் சுங்க வரியும் கூட்டரசுக்கு. நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றின் வருவாய் மாநிலத்துக்கு. மரம் வெட்டினால் உரிமைத்தொகை வரும், நிலத்தை மேம்பாட்டுக்குக் கொடுத்தால் பிரிமியம் வரும். காடு காடாகவே நின்றால் இந்த அட்டவணைப்படி கருவூலத்தில் ஒரு காசும் விழாது. எனவே, ஒரு மாநிலச் சட்டமன்றம் காட்டைக் காக்கச் சட்டம் செய்யும்போது தன் வருமானத்தின் ஒரு பகுதியைத்தான் விட்டுக்கொடுக்கிறது. ஜோகூரின் சட்டங்களை இந்த நோக்கில் படித்தால்தான் அவற்றின் வலுவும் தயக்கமும் விளங்கும்.

2. எண்டாவ் ரொம்பினும் குக்குப் தீவும்

ஜோகூர், பகாங் எல்லையிலுள்ள எண்டாவ் ரொம்பின் காட்டைத் தேசியப் பூங்காவாக்க மூன்றாவது மலேசியத் திட்டம் (1976-80) முன்மொழிந்தது. ஆனாலும் 1977இல் பகாங் மாநிலம் அங்கே மரம் வெட்ட உரிமம் வழங்கியது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. நிலம் மாநிலத்துடையது என்பதால் கூட்டரசால் கட்டளையிட முடியவில்லை. 1980இல் நாடாளுமன்றம் தேசியப் பூங்காச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜோகூர் அந்த வழியில் போகவில்லை. 1989இல் தானே ஒரு சட்டம் இயற்றித் தேசியப் பூங்காக் கழகத்தை அமைத்தது. 1993இல் தன் பக்கத்துக் காட்டைப் பூங்காவாக அரசிதழில் அறிவித்தது.

1895லேயே எழுத்து வடிவில் அரசியலமைப்பைப் பெற்ற மாநிலம் இது. தன் நிலத்தைத் தன் சட்டத்தால் காப்பேன் என்ற நிலைப்பாட்டில் குறை காண முடியாது. ஆனால் அந்தக் காப்பு எவ்வளவு உறுதியானது? 647 ஹெக்டேர் சதுப்பு நிலக் காடான குக்குப் தீவு 1997இல் பூங்காவாயிற்று. 2003இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநில ஒப்பந்தத்தின் பட்டியலில் சேர்ந்தது. 2018இல் அதன் பூங்காத் தகுதி நீக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின், தீவு பூங்காவாகவே தொடரும் என்று மாநில அரசு உறுதியளித்தது. அரசிதழ் அறிவிப்பால் வந்த தகுதி அரசிதழ் அறிவிப்பாலேயே போயிற்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டத்திலும் இதே தளர்ச்சி உண்டு. ‘இதைவிட உயர்ந்த பொருளாதாரப் பயனுக்குத் தேவை’ என்று மாநிலம் கருதினால் வன ஒதுக்கிடத்தை விடுவிக்கலாம். எது உயர்ந்தது என்று கணக்குப் போடுவது, அந்த விடுவிப்பால் பிரிமியம் பெறப்போகும் அதே மாநிலம்தான். பொது விசாரணையைக் கட்டாயமாக்கிய 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது.

3. லிங்கியு: ஒரு விலைக் கணக்கு

நிற்கும் காட்டுக்கும் தேங்கும் நீருக்கும் ஜோகூர் விலை பேசியதே இல்லை என்று சொல்ல முடியாது. 1990 நவம்பரில் சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகத்துடன் மாநில அரசு ஓர் ஒப்பந்தம் செய்தது. லிங்கியு அணைக்காக ஏறத்தாழ 21,600 ஹெக்டேர் நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தை நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமற்போவதற்கும் அதனால் இழக்கும் வருவாய்க்கும் இழப்பீடாகச் சிங்கப்பூர் 32 கோடி ரிங்கிட் கொடுத்தது. பிரிமியம், ஆண்டு வாடகை எல்லாம் தனி.

இதை 1962ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தத்தோடு வைத்துப் பாருங்கள். அதன்படி ஜோகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை 1,000 கேலனுக்கு 3 காசு. முழு அளவும் எடுத்தால் நாளுக்கு 7,500 ரிங்கிட், ஆண்டுக்கு 27 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரிங்கிட். லிங்கியு இழப்பீட்டுத் தொகை மட்டுமே ஏறக்குறைய 117 ஆண்டுத் தண்ணீர்ப் பணத்துக்குச் சமம். ஒப்பந்தமோ 2061இல் முடிந்துவிடும். 3 காசைப் பற்றி அரசியல்வாதிகள் போட்ட கூச்சலில் பாதியாவது இந்த 32 கோடியைப் பற்றி எழுந்திருக்க வேண்டும் என்பேன். அந்த 3 காசு விலையை 1990 ஒப்பந்தம் மாற்றவில்லை; நீர் பிறக்கும் நிலத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை இரு தரப்பும் கையொப்பமிட்டு ஏற்ற ஆவணம் அது.

லிங்கியு செய்யும் வேலை எளிது. மழை குறைந்தால் ஜோகூர் ஆற்றில் கடல்நீர் ஏறிவரும். உப்பு கலந்தால் சுத்திகரிப்பு ஆலை நீர் எடுக்க முடியாது. அணையிலிருந்து திறக்கும் நன்னீர்தான் உப்பைக் கீழே தள்ளி வைக்கிறது. 2016 அக்டோபரில் அணையின் இருப்பு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதே ஆற்றில் அமோனியா கூடி ஆலைகள் மூடப்பட்டதும் உண்டு. அப்போது குழாயில் நீரின்றித் தவித்தது ஜோகூர்க் குடும்பங்கள்.

4. திரும்பி வரும் பணம்

காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019 வரவு செலவுத் திட்டம் முதல் சூழலியல் நிதிப் பகிர்வு வழங்குகிறது. முதல் ஆண்டு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஒதுக்கியது 6 கோடி ரிங்கிட்; லிங்கியு இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. 2025இல் அது 25 கோடியாயிற்று. வளர்ச்சி மெய்தான். ஆனால் இது ஆண்டுதோறும் நிதியமைச்சர் மனம்வைத்துத் தரும் ஒதுக்கீடு. பத்தாவது அட்டவணை உறுதிசெய்யும் உரிமை அல்ல. அடுத்த ஆண்டு வருமா என்று தெரியாத பணத்தை நம்பி எந்த மந்திரி பெசாரும் (மாநில முதல்வரும்) கையிலுள்ள பிரிமியத்தை விடமாட்டார்.

கோத்தா இஸ்கண்டாரிலுள்ள ஜோகூர்ச் சட்டமன்றமே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தேசிய வனச் சட்டம் மாநிலந்தோறும் வன மேம்பாட்டு நிதி வைக்கச் சொல்கிறது. வெட்டப்படும் மரத்தின் மீதான தீர்வை அதில் சேர்கிறது. வெட்டிய பின் மீண்டும் வளர்க்க அது பயன்படும். வெட்டாமல் விட்ட நீர்ப்பிடிப்புக் காட்டுக்கு அப்படியொரு வரவு இல்லை. ஆற்றுநீர் எடுப்பவர்கள் மாநிலத்துக்குச் செலுத்தும் கச்சா நீர்க் கட்டணத்தில் குறிப்பிட்ட விழுக்காடு, அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கே போக வேண்டும் என்று சட்டமன்றம் விதி செய்யலாம். கூலாயிலும் செடெனாக்கிலும் தரவு மையங்கள் பெருகி, குளிரூட்டத் தண்ணீர் கேட்டு வரிசையில் நிற்கும் காலம் இது. அந்த விழுக்காடு எவ்வளவு என்பதை ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கு விட்டுவிடாமல் சட்டத்தின் உடலிலேயே எழுத வேண்டும். மாற்றுவதானால் 56 உறுப்பினர்கள் முன்னிலையில் விவாதித்து மாற்றட்டும்.