அரைக்காலும் ரெயாலும்

தா.பழூரும் கங்கைகொண்ட சோழபுரமும் ஒரே உடையார்பாளையம் வட்டத்து ஊர்கள். முதலாம் இராசேந்திரன் தலைநகர் அமைத்த இந்நிலத்தில் காசு, மாடை, கழஞ்சு என்பன பழகிய கல்வெட்டுச் சொற்கள். அவற்றை அறிந்த ஒருவர் ஸ்பானிய மொழி கற்கப் புகுவாராயின், நாணயம் பற்றிய பாடம் அவருக்கு அயன்மையாகத் தோன்றாது.

'பேசோ' என்பதன் பொருள் எடை. எடைப்பெயரே பணத்துக்கும் பெயராயிற்று; நம் கழஞ்சும் அவ்வாறே. 'பிளாத்தா' என்றால் வெள்ளி. தென் அமெரிக்க நாடுகள் பலவற்றின் பேச்சுவழக்கில் அதுவே பணம். தமிழில் பொன் என்னும் சொல் உலோகத்தையும் நாணயத்தையும் குறித்தது போன்றதே இது. 'ரெயால்' அரசனுக்குரியது. 'மராவேதி', ஸ்பெயினின் தென்பகுதியை ஆண்ட அல்மொராவிது மரபினர் பெயரால் வந்தது; பொற்காசாகத் தொடங்கிச் செப்புக்காசாகத் தாழ்ந்தது. மதுராந்தகன் மாடை எனச் சோழர் கல்வெட்டுகள் கூறுவதை இங்கு ஒப்பிடலாம்.

இவற்றினும் சுவையானது பின்னக் கணக்கு. ஒரு பேசோவுக்கு எட்டு ரெயால். எனவே ஒரு ரெயால் என்பது அரைக்கால் பேசோ. அரை ரெயால், வீசம். கால் ரெயாலாகிய 'குவார்த்தில்யோ', அரைவீசம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டு வட்டி அரைக்கால் காசு என வருவதும் இதே எட்டில் ஒன்றுதான். 1957-இல் பதின்மக் காசுமுறை வந்தபின் இச்சொற்கள் மெல்ல வழக்கொழிந்தன. இன்று அரைக்கால் என்றதும் கவிஞர்க்கும் சட்டைதானே நினைவுக்கு வருகிறது!

ஸ்பானியக் காசு தமிழகத்துக்குச் சொல்லாக வருமுன்பே வெள்ளியாக வந்துவிட்டது. சோழமண்டலக் கரைத் துணி சென்னையிலிருந்து மணிலாவுக்குச் சென்றது. மெக்சிகோவில் அடித்த எட்டு ரெயால் நாணயங்கள் மணிலா வழியாக இங்கு வந்தன. சைதாப்பேட்டையில் 1726-இல் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் அவ்வாணிகத்தில் ஈடுபட்டவர். அந்நாணயத்தின் சுற்றெழுத்து, 'ஸ்பெயினுக்கும் இந்தியாக்களுக்கும் அரசன்' என்று இலத்தீனில் முழங்கும். அவ்வரசன் சொன்ன இந்தியாவோ அமெரிக்கா! உண்மையான இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அவ்வெள்ளியில் பெரும்பகுதி நாணயச்சாலை உலைகளில் உருகிப்போயிற்று.

உருகாமல் தப்பியவையும் உண்டு. 1807 முதல் சில ஆண்டுகள் சென்னை நாணயச்சாலை வெளியிட்ட அரைப் பூவராகன் வெள்ளிக்காசுகளுள் சில, ஸ்பானிய நாணயத்தின் மேலேயே அடிக்கப்பட்டவை. ஒருபுறம் கோபுரம், மறுபுறம் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். அச்சு ஆழப் பதியாத இடங்களில், அடியிலுள்ள பழைய எழுத்துகள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன.