இயற்கையே சுத்திகரித்துத் தந்த காரீயம்

காரீயம் என்ற சொல்லே ஒரு பழைய பிழையின் எச்சம். பென்சிலில் உள்ள அந்தக் கறுப்புப் பொருளில் ஈயம் அணுவளவும் இல்லை. ஐரோப்பியரும் இதே தவறைச் செய்தவர்கள்தாம்; இலத்தீனில் ஈயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'பிளம்பேகோ' என்று பெயரிட்டனர். 1779 ஆம் ஆண்டு சுவீடன் தேசத்து இரசாயனவியலாளர் ஷீலே அதனை வெடியுப்புடன் எரித்து, அது கரியின் ஒரு வடிவமே என்று காட்டினார்.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் பல்லாண்டுகளுக்கு முன்னர் கேகாலை மாவட்டத்துப் போகல சுரங்கத்துக்குச் சென்றிருந்தேன். மேலே வந்த பின்னர் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் கைரேகைகளில் இருந்த மினுக்கம் போகவில்லை. அங்கே ஒரு தொழிலாளி என் கையில் வைத்த கட்டி, பாறையிலிருந்து வந்தபடியே நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தூய கரி.

மூலகங்களுள் மிகச் சிலவே இவ்வாறு தனித்துக் கிடைப்பவை. தங்கம் ஒட்சிசனோடு சேர மறுப்பதால் ஆற்று மணலிலும் தங்கமாகவே இருக்கிறது. சோடியத்தை இயற்கையில் தனியே காணவே முடியாது. இரும்பு துருப்பிடித்துவிடும், விண்கற்களில் வந்த இரும்பே பெரும்பாலும் உலோகமாகக் கிடைத்தது. காரீயமோ கடும் வெப்பத்தில் எரியுமேயன்றிச் சாதாரண நிலையில் காற்றோடும் நீரோடும் சேராது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்தில், கரியைச் சுமந்துவந்த சூடான பாய்மங்கள் பாறை வெடிப்புகளில் அதனைப் படியவிட்டன. அந்த நாளங்கள் அப்படியே நிலைத்துவிட்டன. பிற நாடுகளில் பெரும்பாலும் பாறையெங்கும் சிதறிய செதில்களாகவே அது கிடைக்கிறது.

இந்தத் தூய்மைதான் இலங்கையில் பணமாயிற்று. உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இலண்டனும் நியூ ஜேர்சியும் நமது காரீயத்தை வாங்கின. இங்கே உலையும் வேண்டியதில்லை, இயந்திரமும் வேண்டியதில்லை. கொழும்புப் பண்டகசாலைகளில் பெண்கள் அதனைச் சிறு கோடரியால் கொத்தி, ஈரச் சாக்கில் தேய்த்து மினுக்கி, கட்டி, சில்லு, தூள் என்று பிரிப்பார்கள். பின்னர் பீப்பாவில் அடைத்துக் கப்பலேற்றுவதுதான். நான் புரட்டிய பழைய பத்திரிகைகளில் காரீயத்தின் விலைப்பட்டியல் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. முதலாளிமாரின் பெயர்களை நாடே அறியும். காரீயத்தால் செல்வந்தரான டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கவின் மகன் டி. எஸ். சேனநாயக்க 1947 இல் முதற் பிரதமரானார்.

முதலாம் உலகப் போர் ஆயுத ஆலைகளுக்கு மூசைகளை ஓயாது கேட்டது. 1916 இல் ஏற்றுமதி 33,000 தொன்னைத் தாண்டியது. போர் ஓய்ந்ததும் விலை விழுந்தது. அப்போது சந்தையைப் பிடித்தது மடகஸ்கார். அங்கே கிடைத்தது தூய்மை குறைந்த செதில்தான். ஆயினும் மேற்பரப்பிலேயே தோண்டி, கழுவிப் பிரித்து, மலிவாக விற்றார்கள். மூசை செய்வோர் அதற்கேற்பத் தங்கள் கலவையை மாற்றிக்கொண்டனர். வந்தபடியே விற்றுப் பழகிய நம்மிடமோ மாற்றுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மூசை ஆலை ஒன்றையாவது இங்கே நிறுவ அந்தச் செல்வந்தர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்காத விடயம்.

சப்ரகமுவவிலும் வடமேல் மாகாணத்திலும் நூற்றுக்கணக்கான குழிகள் கைவிடப்பட்டன. நீர் இறைப்பாரின்றி அவை கிணறுகளாயின. ஆழத்துக்குப் போன போகல, கஹட்டகஹ போன்ற சிலவே தப்பின. 1971 இல் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. பின்னர் போகல ஜெர்மன் நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. கஹட்டகஹ அரசிடமே இருக்கிறது.