உவகையும் களிப்பும்

உள்ளம் துள்ளும் இன்ப மிகுதியைக் குறிக்கத் தமிழில் உவகை, மகிழ்ச்சி, களிப்பு முதலிய சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் மகிழ்ச்சியும் களிப்பும் கள்ளுண்டார் நிலையையும் பண்டு குறித்தன. அத்தகைய சொற்களைச் சிவானுபவத்திற்கு வழங்குதல் தகுமோ எனச் சிலர் ஐயுறுவர். அவ்வையம் நீங்க, அவற்றின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் உவகையை இறுதிக்கண் வைத்து, செல்வம், புலன், புணர்ச்சி, விளையாட்டு என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன் என்றார். புலனென்றது கல்விப்பயனாகிய அறிவுடைமையை என்பர் பேராசிரியர். ஆகவே அறிவும் உவகை பயப்பதாதல் பெறப்படும்.

திருவள்ளுவனார் கள்ளுண்ணாமை என்னும் 93 ஆம் அதிகாரத்துக் களியை இழித்துரைத்தார். அவரே 129 ஆம் அதிகாரத்து முதற் குறளில், நினைத்த அளவிலே களிப்பும் கண்ட அளவிலே மகிழ்ச்சியும் தருதல் காமத்திற்கே உரித்து, கள்ளிற்கு இன்று என்றார். ஆண்டுப் பரிமேலழகர், களித்தலை உணர்வு அழியாத நிலையாகவும், மகிழ்தலை அவ்வுணர்வு அழிந்த நிலையாகவும் பகுத்துரைத்தார். இங்ஙனம் கள்ளிற்குரிய சொற்கள் அன்பிற்குரியவாயின.

மணிவாசகப் பெருமான் அவ்வன்பினை இறைவன்பால் ஆக்கியருளினார். அம்மானை, சாழல், பூவல்லி, உந்தி, ஊசல் என மகளிர் ஆடல்களெல்லாம் திருவாசகத்திற் சிவன் புகழாயின. தொல்காப்பியனார் கூறிய விளையாட்டு உவகை இவ்வாறு வீட்டுநெறிக்குத் துணையாயிற்று. 12 ஆம் நூற்றாண்டில் திருவியலூர் உய்யவந்ததேவ நாயனார், அவ்வுந்தி யாப்பிலேயே 45 பாடல்களால் திருவுந்தியார் என்னும் சாத்திரத்தை அருளினார்.

திருச்சதகத்து இறுதி மூன்று பதிகங்களும் ஆனந்தத்தழுந்தல், ஆனந்தபரவசம், ஆனந்தாதீதம் எனப் பெயர் பெற்றிருத்தல் காண்க. அழுந்துதலும், தன்வசம் இழத்தலும், அதனையும் கடத்தலும் என இன்பம் படிப்படியே உயர்கின்றது.

இனி ஐயத்திற்கு விடை கூறுவாம். கள் அறிவைக் கெடுக்கும்; சிவானந்தமோ அறிவை விளக்கும். முத்தியில் உயிர் கெடுவதன்று. கெடுமாயின் இன்பம் நுகர்வார் யாவர்? அந்நிலையில் ஒழிவது 'யான்' என்னும் தற்போதமே. அது கெடுதலின் மகிழ்தலும், சிவபோதம் கெடாது விளங்குதலின் களித்தலும் ஒருங்கே அமைந்தன. ஆதலின் அச்சொற்கள் இழிந்தன அல்ல. தமக்குரிய பொருளை ஆண்டே நிரம்பப் பெற்றன என்க.

ஆரவாரம் மாத்திரையே சிவானந்தம் என மயங்காது, அறிவு தெளிந்த களிப்பையே அன்பர்கள் நாடுவார்களாக.

திருச்சிற்றம்பலம்.