நஞ்சேறிய மண்



தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் சென்றவர் எவரும் தொப்பூர்க் கணவாயை மறந்திருக்க மாட்டார். நான் அப்பகுதியைச் சேர்ந்தவன். வரலாற்றில் எங்கள் கணவாய்க்கும் ஓரிடம் உண்டு. 1790-ஆம் ஆண்டு நவம்பரில் திப்பு சுல்தானின் படை இவ்வழியாகத்தான் தெற்கு நோக்கி இறங்கிற்று. பின்தொடர்ந்து வந்த ஆங்கிலத் தளபதி மெடோஸ் அதனைத் தடுக்க இயலாமல் நின்றார். பீரங்கி வண்டிகள் இறங்கிய அதே சரிவில் இன்று லாரிகள் இறங்குகின்றன. காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. சரிவு நீளமானது, வேகம் தானே கூடிவிடும், வண்டிகள் கவிழ்ந்த செய்தியை நாளேடுகளில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

கவிழ்ந்தது நெல் மூட்டை லாரியானால் அள்ளிக்கொள்ளலாம். அமிலமோ எண்ணெயோ ஏற்றிய தொட்டி லாரியானால் என்ன செய்வது? நீரைப் பீய்ச்சிச் சாலையைக் கழுவிவிடலாம், போக்குவரத்தும் தொடங்கிவிடும். கழுவிய நீர் சரிவில் இறங்கும். மண் அதைக் குடிக்கும். மண் குடித்தது போக எஞ்சியது ஓடையைத் தேடும். சேர்வராயன் மலையில் பிறக்கும் தொப்பையாறு எங்கள் ஊர்ப் பக்கமாக ஓடி, 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கிறது. அதாவது, எங்கள் மலைச்சரிவில் சிந்துவதற்கும் தஞ்சை வயலுக்கும் இடையே தொடர்பு உண்டு.

சாலையைக் கழுவியாயிற்று. மண்ணைக் கழுவ முடியுமா? முடியுமாயின் யார் கழுவுவது? எந்த அளவுக்குக் கழுவினால் போதும்? இம்மூன்று கேள்விகளும் எழுந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கேள்விகள் அரை நூற்றாண்டுக்குள் பிறந்தவை. அவற்றுக்கான விடையைத் தமிழ்நாட்டில் தேடினால் அது நம்மைக் கொடைக்கானலுக்கு இட்டுச் செல்லும்.

முன்னோர் நிலத்தை நன்செய் என்றும் புன்செய் என்றும் பிரித்தனர். நன்செய் பேச்சு வழக்கில் நஞ்சை ஆயிற்று. அச்சொல்லுக்குள் நஞ்சு என்னும் ஒலி வந்து புகுந்தது தற்செயல்தான். ஆயினும் இக்காலத்தில் அது நம் காதில் உறுத்தத்தான் செய்கிறது. நம் சட்டங்களுக்கு அந்த உறுத்தல் நெடுநாள் ஏற்படவில்லை. நீர் மாசு பற்றிய சட்டம் 1974-இலும், காற்று மாசு பற்றிய சட்டம் 1981-இலும் வந்தன. ஏற்கெனவே கெட்டுப்போன நிலத்தைத் தூய்மை செய்வதற்கென்றே தனி விதிகள் வந்தது 2025-இல்தான். ஆறு நுரைத்தால் கண்ணுக்குத் தெரியும்; புகை மூக்கை எரிக்கும்; மண் மட்டும் எதையும் காட்டிக்கொடுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன்.

பிற நாடுகளிலும் மண் இவ்வாறே ஏமாற்றியது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நயாகரா நீர்வீழ்ச்சிக்கு அருகில், லவ் கால்வாய் என்றோர் இடம் உண்டு. வெட்டிப் பாதியில் கைவிட்ட அக்கால்வாயில் ஓர் இரசாயன நிறுவனம் 1940-களிலிருந்து ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்தது. பின்பு மண்ணால் மூடி, 1953-இல் அந்த நிலத்தைப் பள்ளிக் குழுவுக்கு ஒரு டாலருக்கு விற்றது. அங்கே பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1978-இல் வீட்டு நிலவறைகளில் கருநிறக் கழிவு கசிந்து, அரசு நெருக்கடி நிலையை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. 1980 டிசம்பரில் அந்நாடு இதற்கெனப் பெருநிதிச் சட்டம் ஒன்றை இயற்றியது.

அதே 1980-இல் நெதர்லாந்தின் லெக்கர்கெர்க் என்னும் சிற்றூரிலும் இத்தகைய நிகழ்ச்சி நடந்தது. இரசாயனக் கழிவுப் பீப்பாய்களைப் போட்டு மூடிய பள்ளங்களின் மேல் வீடுகள் கட்டியிருந்தனர். இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டை விட்டுப் போக, மண்ணைத் தோண்டி அகற்றினர். இதன் பயனாக அந்நாட்டார் 1983-இல் ஓர் இடைக்காலச் சட்டம் செய்தனர்; கூடவே ஓர் அட்டவணையும் செய்தனர். ஒவ்வொரு நஞ்சுக்கும் ஓர் எண்: ஒரு கிலோ மண்ணில் இத்தனை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தலையிட்டே ஆக வேண்டும் என்று. பிற்காலப் பட்டியலில் பாதரசத்துக்கு அவர்கள் குறித்த எண் 10. இந்தப் பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் கடந்து நம் பழனி மலைக்கு வந்த எண் இது.

இனிக் கொடைக்கானல். லவ் கால்வாய் உள்ள அதே நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரிலிருந்து இயந்திரங்கள் கொண்டுவரப்பட்டு, 1983-இல் கொடைக்கானல் புனித மேரி சாலையில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முதலில் அது பாண்ட்ஸ் நிறுவனத்துக்குரியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்து முடித்த வெப்பமானி பெரும்பாலும் வெளிநாட்டுக்கே சென்றது. உடைந்த கண்ணாடியும், சிந்திய பாதரசமும், அதன் ஆவியும் இங்கே தங்கின.

பாதரசம் விந்தையான உலோகம். அறை வெப்பத்தில் நீர்மமாக இருக்கும் உலோகம் அது. தண்ணீரைவிட 13 மடங்குக்கு மேல் கனமானது. தரையில் விழுந்தால் உருண்டோடி இடுக்கில் ஒளியும். ஒளிந்த இடத்திலிருந்து ஓசையின்றி ஆவியாகும். நீர்நிலைச் சேற்றை அடைந்தால் நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் ஏறும். மீனிலிருந்து மனிதனின் நரம்பில் ஏறும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாப் பகுதியில் 1956-இல் கண்டறியப்பட்ட கொடிய நோய் இதனால் வந்ததே.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மக்களும் சுற்றுச்சூழல் அன்பர்களும் ஊர்வலமாகச் சென்று, மூஞ்சிக்கல் பகுதியில் பழைய இரும்புக் கடையொன்றில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்ததை உலகுக்குக் காட்டினர். தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது, மீண்டும் திறக்கவேயில்லை. ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தின் அறிஞர்கள் மரப்பாசியையும் கற்பாசியையும் ஏரி நீரையும் மீனையும் சோதித்து, பாதரசம் ஆலைக்குள் மட்டும் நிற்கவில்லை என்று வெளியிட்டனர். ஆலை நின்ற இடமோ பாம்பாறு சோலைக்காட்டின் விளிம்பு. அங்கிருந்து இறங்கும் பாம்பாறுதான் பெரியகுளத்தருகே கும்பக்கரை அருவியாக விழுகிறது. விடுமுறையில் அங்கே குளித்தவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும்.

2003-இல் பாதரசம் கலந்த பொருள்கள் 290 டன் அளவில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வழக்கமாகப் பணக்கார நாட்டின் கழிவுதான் ஏழை நாட்டுக்கு வரும். இங்கே கப்பல் எதிர்த்திசையில் சென்றது. அதற்காகப் போராடியவர்களை நான் மனமாரப் பாராட்டுகிறேன். முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு மட்டும் 2016 மார்ச்சில்தான் ஏற்பட்டது. பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு அது.

எஞ்சியது மண். அதை எவ்வாறு கழுவுவது? நம் வீட்டில் அரிசி களைந்து கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முறை ஏறத்தாழ அதுவே. பாதரசம் பருமணலில் அதிகம் ஒட்டுவதில்லை; நுண்ணிய களியிலும் வண்டலிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மண்ணை நீரில் கலக்கிச் சல்லடைகளில் அரித்தால், பருமணல் பெரும்பாலும் தூய்மையாகத் தனியே வரும். நஞ்சு சிறிதளவு சேற்றில் செறிந்துவிடும். அந்தச் சேற்றை மூடிய உலையில் சூடேற்ற வேண்டும். பாதரசம் 357 டிகிரி செல்சியசில் கொதிப்பது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் அதற்கும் முன்பே ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் மீண்டும் துளித்துளியாகக் கிடைக்கும். மிஞ்சிய மண்ணைச் சோதித்து, குறித்த அளவுக்குள் இருந்தால் தோண்டிய குழியிலேயே போடலாம்.

குறித்த அளவு என்றேனல்லவா? வழக்கெல்லாம் அங்கேதான். முதலில் பேசப்பட்டது நெதர்லாந்தின் 10. பின்னர், நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வை ஒட்டி, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதைத் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. பத்து மில்லிகிராம் பாதரசமும் சரி, இருபதும் சரி, கடுகிலும் சிறிய துளியே. இதற்கா பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு என்று கேட்கலாம். அளவு இரட்டிப்பானால் தோண்ட வேண்டிய மண் பெரிதும் குறையும், செலவும் குறையும், சோலையின் ஓரத்தில் விட்டுவைக்கும் நஞ்சு கூடும்.

இருபதை ஆதரித்தவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நஞ்சு மண்ணில் இருப்பதால் மட்டும் தீங்கு வருவதில்லை. அது மனிதனையோ உயிரினத்தையோ வந்தடைய ஒரு வழி வேண்டும். நாளை அந்நிலத்தில் குழந்தைகள் விளையாடுவார்களா, கீரை பயிரிடுவார்களா, வெறும் கிடங்கு நிற்குமா என்பதைப் பொறுத்து அளவு மாறலாம். மேலும், மலைச்சரிவில் அதிகம் தோண்டினால் மரம் விழும். அடுத்த மழையில் மண் அரித்து நஞ்சையே பாம்பாற்றுக்குக் கொண்டுபோகும். இவ்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் இக்கணக்கு ஆலைச் சுவருக்குள் வாழப்போகிறவரை முதன்மையாகக் கொண்டது. சுவருக்கு வெளியே சோலையும், அதன் கீழே அருவியும், அருவிக்குக் கீழே ஊர்களும் இருக்கின்றன. எண்ணைக் குறிக்கும்போது அவ்வூர்களுக்கும் நாற்காலி போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மலையடிவாரத்துக்காரன் வேறு எப்படிக் கருதுவான்?

கழுவி முடித்த நிலத்தை மீண்டும் பயன்படுத்தலாம் என்பதற்கு மினமாட்டாவே சான்று. 1977 முதல் 1990 வரை, 25-க்கு மேல் பாதரசம் இருந்த கடற்சேற்றை அள்ளித் தடுப்புக்குள் இட்டு மூடி, ஏறத்தாழ 58 ஹெக்டேர் புதுநிலம் ஆக்கினர். இன்று அது பூங்கா. நஞ்சு அங்கே அழியவில்லை; பூங்காவின் அடியில் இருக்கிறது. ஆகவே காவலும் இருக்கிறது. நம் இராணிப்பேட்டையிலோ, 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலாகப் பல பத்தாண்டுகள் வெட்டவெளியில் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. போபாலில் 1984-இன் பேரழிவுக்குப் பின் எஞ்சிய கழிவில் 337 டன், 2025 சனவரியில்தான் பன்னிரண்டு வண்டிகளில் பீதம்பூருக்கு எரிக்கக் கொண்டுபோகப்பட்டது. வண்டிகள் சேர்ந்த ஊரில் மக்கள் கொதித்தெழுந்தனர். தம் ஊருக்கு வரும் வண்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

மத்திய அரசு 2025 சூலையில் வெளியிட்ட மாசடைந்த இடங்கள் பற்றிய விதிகள், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கின்றன. கெடுத்தவரைக் கண்டுபிடிக்க முடியாவிடில் அரசு ஏற்கும். ஐயத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியும் மாவட்ட நிருவாகமும் ஆறு மாதத்துக்கொரு முறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளுக்குள் முதற்சோதனையும், அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வும் செய்ய வேண்டும். சோதனைக்கெல்லாம் கெடு குறித்த அவ்விதிகள், கழுவி முடிப்பதற்கு மட்டும் கெடு எதுவும் குறிக்கவில்லை. கொடைக்கானலில் ஆலை மூடி இருபது ஆண்டு ஆனபோதும் மண்வேலை முடிந்திருக்கவில்லை.