ஒரு குழந்தையோட வருமானம் எவ்வளவு?

1994-ல மோட்டார் வாகனச் சட்டத்துல ஒரு அட்டவணை சேர்த்தாங்க. சம்பாத்தியம் இல்லாதவங்களுக்கு வருஷத்துக்கு 15,000 ரூபாய்னு ஒரு கற்பனை வருமானம். விபத்துல நிரந்தரமா முடங்கிப்போன குழந்தைக்கும் அதே எண்தான். நாம கோடுல ஹார்ட்கோட் பண்ணிட்டு மறந்துடுவோம்ல, அப்படி. 24 வருஷம் அது சட்டப் புத்தகத்துல மாறவே இல்லை.

2013-ல உச்ச நீதிமன்றம் ஊனத்தின் சதவீதத்தை வச்சு 1 லட்சம் முதல் 6 லட்சம் வரை ஒரு படிக்கட்டு போட்டது. சிகிச்சைச் செலவு தனி.

எனக்கு முக்கியமாப் படுறது 2020 தீர்ப்பு. 2007-ல ஹரியானாவுல லாரி மோதி, 12 வயசுப் பொண்ணுக்கு 100 சதவீத இயலாமை. நீதிமன்றம் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை, மாசம் 4,846 ரூபாயை எடுத்து, எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து, 18-ஆல் பெருக்கியது. பார்த்துக்க ரெண்டு பேர், ஆளுக்கு மாசம் 5,000: அது மட்டும் 21.6 லட்சம். வழக்கமா அம்மா சம்பளமில்லாம செய்ற வேலைங்க இது! மொத்தம் 62.27 லட்சம்.

2025-ல இன்னும் தெளிவாச் சொன்னாங்க: விபத்து நடந்த மாநிலத்தோட கூலிதான் அளவுகோல். எங்க களியக்காவிளையைத் தாண்டினா பாறசாலை, கேரளா. ரெண்டு அரசும் கூலியைத் தனித்தனியாத்தான் நிர்ணயிக்குது. ரோடு ஒண்ணுதான், ஆனா லாரி எந்தப் பக்கம் மோதுச்சுங்கிறதைப் பொறுத்து எண் மாறும்.